வெட்டிய இறைச்சித் துண்டு எந்தத் திமிங்கிலத்தினுடையது என்று எப்படித் தெரியும்?

தோலும் துடுப்பும் நீங்கிய துண்டைக் கண்ணால் பார்த்து இனம் பிரிக்க இயலாதெனினும், அதன் உயிரணுக்களில் உள்ள மரபுப்பொருளான டிஎன்ஏ அதைச் சொல்லிவிடும்.

எப்படி? டிஎன்ஏ என்பது நான்கே வேதி எழுத்துகளாலான நீண்ட வரிசை. பாட்டியின் சமையல் குறிப்பைப் பல வீடுகளில் படியெடுக்கையில், ஒரு வீட்டில் நேர்ந்த பிழை அவ்வீட்டுப் பேத்திகளின் படிகளில் மட்டும் தொடர்வதைப் போல, ஒவ்வோர் இனத்திலும் தோன்றிய எழுத்து மாற்றங்கள் அதன் வழித்தோன்றல்களில் நிலைத்துவிடுவதால், அறிந்த இனங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டால் உறவு புலப்படும்.

ஜப்பானியக் கடைகளில் வாங்கப்பட்ட திமிங்கில இறைச்சியை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப் பன்னாட்டு ஒப்பந்தம் தடை விதித்ததால், இந்த ஒப்பீட்டு முறையைக் கையாண்ட ஆய்வாளர்களான ஸ்காட் பேக்கரும் ஸ்டீபன் பலும்பியும் விடுதி அறையிலேயே சிறு கருவியால் டிஎன்ஏவைப் படியெடுத்து, அப்படிகளை மட்டும் எடுத்துச் சென்று ஆராய்ந்தனர். சட்டத்துக்கு உட்பட்டே உண்மையைத் தேடிய பாராட்டத்தக்க வழி அது.

ஆய்வுக்கென்று ஜப்பான் பிடித்துவந்த மிங்கி திமிங்கிலத்தோடு, பாதுகாக்கப்பட வேண்டிய கூனல்முதுகுத் திமிங்கிலமும் விற்பனைக்கு வந்திருந்ததை 1994இல் வெளியான அவர்களின் கட்டுரை காட்டியது.