பழைய வண்டிகளின் பந்தயம் – 14: மினுக்கினால் மார்க் போகும்

போன வாரம் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் புல்வெளியில், பழைய கார்களின் போட்டி ஒன்றில் நின்றிருந்தோம். தொண்ணூறு வயது வண்டிகள் நேற்று ஷோரூமிலிருந்து வந்தவை போல மினுமினுப்பதைப் பற்றி என் ஆதங்கத்தைக் கொட்டினேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் இத்தாலியின் மில்லே மிலியா என்ற ஆயிரம் மைல் பந்தயத்துக்குப் போவதாகப் பேச்சு. வழியில் கார்வெட் என்ற அமெரிக்க கார் ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அமெரிக்காவில் கார்வெட் பிரியர்களுக்கென்று 1974இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி என்று பெயர். போட்டிக்கு வரும் வண்டிக்கு மொத்தம் 4,510 மதிப்பெண். 94 சதவீதம் எடுத்தால் 'டாப் ஃப்ளைட்' விருது. இதுவரை எல்லாச் சங்கமும் செய்வதுதான். என்னைச் சொக்க வைத்தது அவர்களுடைய அளவுகோல். அழகுக்கு அங்கே மார்க் கிடையாது. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று அந்த வண்டி எப்படி இருந்திருக்குமோ, அப்படியே இருக்க வேண்டும். குறையோடு வந்த வண்டி என்றால் அந்தக் குறையோடு.

1960களின் கார்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் தயாரானது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, அதன் மேல் லாக்கர் பெயிண்ட். வெளிப்பக்கத்தைப் பாலிஷ் போட்டு மெருகேற்றி அனுப்பினார்கள். கதவைத் திறந்தால் தெரியும் ஓரங்களில் யாரும் அவ்வளவு மெனக்கெடவில்லை. ஸ்ப்ரே சரியாகப் படியாமல் அங்கே சொரசொரப்பாக இருக்கும். இன்றைய பெயிண்டர் அந்த ஓரத்தையும் கண்ணாடி போல வழவழப்பாக்கித் தந்தால் நடுவர் மார்க்கைக் குறைப்பார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுவார்கள். வேலையாட்கள் அன்று சாக்கட்டியாலும் க்ரேயானாலும் போட்ட குறிகளுக்குக்கூட அங்கே மதிப்பு உண்டு. ஜன்னல் கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அந்தக் கண்ணாடி எந்த வருடம், எந்த மாதம் தயாரானது என்று அது சொல்லும். வண்டி மார்ச்சில் தயாராகி, கண்ணாடி ஜூலையில் தயாராகியிருந்தால் அது பின்னால் மாற்றியது என்று ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லையென்றாலும் மார்க் போனது போனதுதான்.

அதே சங்கத்தில், கார்வெட்டை வளர்த்தெடுத்த பொறியாளர் சோரா ஆர்கஸ் டன்டோவ் பெயரில் இன்னும் பெரிய விருது ஒன்று உண்டு. அதற்கு வண்டி ஓடியும் காட்ட வேண்டும். ஹார்ன், வைப்பர், ரேடியோ, டேஷ்போர்டில் இருக்கும் கடிகாரம் வரை எல்லாம் வேலை செய்ய வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். எஞ்சினை ஓட வைத்துவிடலாம், அந்தக் கடிகாரத்தை ஓட வைப்பதுதான் பெரும்பாடு என்பார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதிப்பெண் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் கடைசியில் வண்டியாக மாறுகிறது. 'சீட்டில் வெடிப்பு, 2 மார்க் குறைவு' என்று வேறொரு போட்டியின் தாள் சொன்னால், கோப்பைக்கு ஆசைப்படும் உரிமையாளர் அறுபது வருடத் தோலைக் கிழித்துப் போட்டுப் புதுத் தோல் தைக்கிறார். அவர் மேல் தப்பில்லை. தாள் கேட்டதை அவர் கொடுத்தார். திருப்பணி என்ற பெயரில் பழைய சுவரோவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்த கதை நமக்குத் தெரியாததா? கார் உலகில் அந்தச் சுண்ணாம்பை அடிக்கச் சொன்னது போட்டி விதி.

கார்வெட்காரர்களின் விதி அதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வண்டியின் முதல் நாளை மட்டும் அது கொண்டாடுகிறது. அதற்குப் பின் வந்த ஐம்பது வருடம் கணக்கில் இல்லை. ஒருவர் தன் சேஸிஸில் புதிதாகச் சாக்கட்டிக் குறி போட்டுக் கொண்டுவரலாம். அந்தக் குறி சரியாக இருக்கலாம், ஆனால் அதைப் போட்டது செயின்ட் லூயிஸ் தொழிலாளி இல்லையே! சங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. ரெஸ்டோர் செய்யாமல் வந்த வண்டிகளுக்கென்றே 'போ டை' என்று தனி விருது வைத்தார்கள். வண்டிகளுக்கு வயதாக ஆக விதியும் கூடவே நகர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

பெபிள் பீச்சும் நகர்ந்தது, மெதுவாக. 1950இல் தொடங்கிய அந்தப் போட்டியில், கைபடாத வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது 2001இல்தான். அந்தப் பிரிவிலிருந்து ஒரு வண்டி ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கியது 1934ஆம் வருடத்து புகாட்டி டைப் 59. கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓடிய வண்டி அது. பிறகு பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டிடம் போனது. கறுப்பு உடம்பு, நடுவில் மஞ்சள் கோடு. அந்தப் பழம்பெயிண்டோடுதான் மேடை ஏறியது. அதன் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். பியானோ கம்பி போல மெல்லிய ஸ்போக்குகள், மையத்திலிருந்து நேர்நேராக விரிந்து நிற்கும். இந்தக் கம்பியா பந்தய வேகத்தைத் தாங்கியது என்று யாரும் கேட்பார்கள். சுழற்றும் வேலையையும் பிரேக்கின் இழுப்பையும் பின்னால் இருக்கும் பல் வைத்த தட்டு பார்த்துக்கொள்ளும். கம்பி சுமப்பது எடையையும் வளைவில் வரும் பக்கச் சுமையையும் மட்டும்.

பெபிள் பீச்சில் எனக்குப் பிடித்த இன்னொரு விதி உண்டு. போட்டிக்கு முன்னால் வண்டிகள் கடற்கரைச் சாலையில் ஊர்வலமாக ஓடும். 1998இல் தொடங்கிய வழக்கம். ஒரு பிரிவில் இரண்டு வண்டிகள் சமமாக மார்க் எடுத்தால், அந்த ஓட்டத்தை முடித்த வண்டிக்கே பரிசு. சின்ன விதிதான். டிரெய்லரிலேயே வந்து டிரெய்லரிலேயே போகும் வண்டிகளை அது சாலையில் இறக்கியது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வண்டி என்றால் என்ன என்று எழுதினார்கள். 50 வயது தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். அரசாங்கமே அசலைக் கேட்கும்போது, நம் சங்கங்களின் மதிப்பெண் தாள் இன்னும் பளபளப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? வாங்கிய நாளில் போட்ட சீட்டோடு வரும் ஒரு 1970 அம்பாசடருக்கு அந்தச் சீட்டுக்காகவே மார்க் கொடுங்கள். தேய்ந்த ஸ்டீயரிங்கைக் குறை என்று எழுதாதீர்கள். ஐம்பது வயது வண்டியையும் தொண்ணூறு வயது வண்டியையும் ஒரே தாளில் அளக்காதீர்கள். முன்னதிடம் அசல் பாகங்களைக் கேட்கலாம், பின்னதிடம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். இரண்டுமே ஓடி வந்து சேரட்டும்.

ஓட்டம் என்றதும் மில்லே மிலியா. 1955இல் ஸ்டிர்லிங் மாஸ் அந்த ஆயிரம் மைலை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். இரண்டு வருடம் கழித்து நடந்த கோர விபத்தோடு வேகப் பந்தயம் நின்றது. 1977இல் அது திரும்பி வந்தபோது வேகத்துக்கு அங்கே இடமில்லை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில், விநாடியின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடக்க வேண்டும். எடுத்த புள்ளியை வண்டியின் வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். வயது கூடினால் அனுகூலமும் கூடும். போருக்கு முந்தைய ஆல்ஃபா ரோமியோக்கள் அங்கே இன்னும் ஜெயித்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெருக்கல் கணக்கும் ஒரு காரணம். அந்தக் கணக்கை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)