கம்பியில்லாத ஸ்பீக்கரும் வீட்டுக் கம்பியூட்டரும்

பிள்ளைகளின் படிப்புக்கென்று இப்போது லயத்து வீடுகளிலும் கம்பியூட்டர் வந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் மகனோ மகளோ தீபாவளிக்கு வரும்போது ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் வாங்கி வருகிறார்கள். போனில் போட்டால் உடனே பாடுகிறது. கம்பியூட்டரில் மட்டும் சத்தம் வரமாட்டேன் என்கிறது. "இது பழுது" என்று முடிவுகட்டி, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறுகிறோம். அநேகமாக ஸ்பீக்கரில் ஒரு பழுதும் இருக்காது. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம் என்பதை இங்கே சொல்கிறோம்.

பாதையும் படகும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு யாத்திரை போய் வந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக பஸ் வேலணைக்குப் போகிறது. தாம்போதி என்பது கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய வீதி. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குப் போகிறது. அங்கே குறிகட்டுவான் துறையில் பஸ் நின்றுவிடும். அதற்கு அப்பால் வீதி கிடையாது, படகில்தான் போகவேணும்.

வயர் போட்ட ஸ்பீக்கர் தாம்போதியைப் போல. செருகிவிட்டால் சத்தம் நேரே போய்ச் சேரும். புளூடூத் அந்தப் படகைப் போல. படகுப் பயணத்துக்கு மூன்று காரியம் வேணும். இரண்டு கரையிலும் துறை இருக்கவேணும். படகு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாது. நாமும் அந்தப் படகில் ஏறவேணும். சத்தம் வராத வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் குறையாக இருக்கிறது.

புளூடூத் என்பது என்ன? வீட்டு றேடியோவைப் போல இதுவும் வானலைதான். ஆனால் மிகச் சின்னச் சக்தி உள்ளது, சாதாரணமாகப் பத்து மீற்றர் தூரம் வரை போகும். சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில் 1994ஆம் ஆண்டு இந்த வேலை தொடங்கியது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் யாப் ஹார்ட்சன் என்ற ஒல்லாந்து நாட்டவர். வேலணைத் தீவுக்கு "லைடன்" என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்தவர்களும் ஒல்லாந்தர்தான். 1998இல் எரிக்சன், நொக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தொஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் சேர்ந்து, யார் செய்த சாமானும் யாருடையதோடும் பேசவேணும் என்று பொது விதி வகுக்க முன்வந்தன. அதனால்தான் ஒரு கம்பெனி ஸ்பீக்கர் இன்னொரு கம்பெனி கம்பியூட்டரில் வேலை செய்கிறது. டென்மார்க்கை ஒன்றுசேர்த்த பத்தாம் நூற்றாண்டு ராஜா ஒருவரின் பட்டப்பெயரே புளூடூத்.

செய்யவேண்டிய முறை

1. துறை இருக்கிறதா? மடிக் கம்பியூட்டர்களில் புளூடூத் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பழைய மேசைக் கம்பியூட்டர் பலவற்றில் இருக்காது. செட்டிங்ஸ் பகுதியில் புளூடூத் என்று போட்டு நிறுத்தும் ஸ்விச்சே காணவில்லை என்றால், உங்கள் கம்பியூட்டரில் அது இல்லாதிருக்கலாம். நகம் அளவு யு.எஸ்.பி. புளூடூத் அடப்டர் ஒன்று வாங்கிச் செருகினால் போதும். புது ஸ்பீக்கர் தேவையில்லை.

2. வேறு யாரும் பிடித்திருக்கிறார்களா? ஸ்பீக்கரைப் போட்டதும் அது கடைசியாகப் பழகிய போனைத் தேடி ஒட்டிக்கொள்ளும். லயத்தில் காம்பராக்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால், அடுத்த காம்பராவில் இருக்கும் அண்ணனின் போன்கூட சுவருக்கு அப்பாலிருந்து பிடித்துவிடும். ஆகவே முன்பு பழகிய போன்களில் எல்லாம் புளூடூத்தை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

3. அறிமுகம் செய்தல். ஸ்பீக்கரில் உள்ள புளூடூத் பொத்தானை, விளக்கு வேகமாக மின்னும்வரை அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் "புளூடூத் அண்ட் டிவைஸஸ்" போய் "அட் டிவைஸ்" அழுத்தவேணும். விண்டோஸ் 10இல் இது "டிவைஸஸ்" என்பதற்குள் இருக்கும். ஸ்பீக்கரின் பெயர் வந்ததும் அதன்மேல் அழுத்துங்கள். இரகசிய எண் கேட்டால் 0000 போட்டுப் பாருங்கள். முன்பே பெயர் இருந்தும் ஒட்டாவிட்டால், அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி அறிமுகம் செய்யுங்கள்.

4. சத்தத்தைத் திருப்பிவிடுதல். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். "கனெக்டட்" என்று காட்டும், ஆனால் சத்தம் கம்பியூட்டரிலிருந்தே வரும். படகு துறையில் நிற்கிறது, நாம் ஏறவில்லை, அவ்வளவுதான். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வரும் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். கம்பியூட்டரிலும் ஸ்பீக்கரிலும் சத்தம் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கப்படும். இரண்டையும் பாருங்கள்.

சத்தம் வந்தபின் வரும் தொல்லைகள்

சத்தம் விட்டு விட்டு வந்தால் ஸ்பீக்கரைக் கிட்ட வையுங்கள். நடுவில் சுவரோ, தகரமோ, இரும்பு அலுமாரியோ இருந்தால் அலை தடைப்படும். மனித உடம்பில் தண்ணீர் அதிகம் என்பதால் நாம் நடுவில் நின்றாலும் குறையும். வைஃபையும் இதே 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் ஓடுவதால் றௌட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்கவேண்டாம்.

ஒன்லைன் வகுப்பு தொடங்கியதும் டீச்சரின் குரல் பழைய டெலிபோன் குரல்போல மாறுகிறதா? ஸ்பீக்கருக்குள் இருக்கும் மைக்கையும் சேர்த்துப் பாவிக்கும்போது பல கம்பியூட்டர்களில் அப்படி ஆகும். வகுப்பு நடக்கும் செயலியில் மைக்குக்குக் கம்பியூட்டரின் சொந்த மைக்கைத் தெரிவுசெய்தால் குரல் தெளிவாகிவிடும். படம் பார்க்கும்போது வாயசைவுக்குக் கொஞ்சம் பிந்திப் பேச்சு கேட்பதும் புளூடூத்தின் சுபாவம், பழுது இல்லை.

உள்ளே இருப்பது லித்தியம் பற்றரி. அடுப்புக்குப் பக்கத்திலோ, ஈரத்திலோ, படுக்கையின் மேலோ வைத்து சார்ஜ் பண்ணக்கூடாது. பற்றரி வீங்கியிருந்தால் பாவிப்பதை நிறுத்திவிடுங்கள். இன்னொன்றும் சொல்லவேணும். நம் வீட்டுச் சத்தம் நம் வீட்டோடு நிற்பதில்லை. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

புதிதாக ஸ்பீக்கர் வாங்குவோருக்கு ஒரு யோசனை. "ஓக்ஸ்" வயர் செருகும் துளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். புளூடூத் சரிவராத நாளில் ஒரு சாதாரண வயரைச் செருகியே பாடம் கேட்கலாம். படகு ஓடாத நாளுக்கு ஒரு தாம்போதி கைவசம் இருப்பது நல்லதுதானே!