சிப்பைத் தூங்க விடுங்கள்

"மண் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி செய்யப்போகிறேன். பட்டன் பேட்டரியில் ஓட வேண்டும். சி மொழியில் எழுதுவதா, பைத்தானிலா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். சி-யைவிடப் பைத்தான் சுமார் 76 மடங்கு மின்சாரம் தின்னும் என்று சொல்லும் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்.

அது 2017இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 27 மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்டது. ஆய்வில் குறையில்லை, அதை எல்லாவற்றுக்கும் பொருத்துவதில்தான் குறை. அவர்கள் அளந்தது மேசைக் கணினியில், செயலி மூச்சுவிடாமல் கணக்குப் போட்டபோது. ஈரமானியின் சிப்போ பெரும்பாலும் சும்மா இருக்கும். எப்படிச் சும்மா இருக்கிறது என்பதில்தான் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது.

இரவில் மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருக்கும் இரண்டு விவசாயிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மோட்டார் கொட்டகையிலேயே கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் கரண்ட் வந்தால் அலறும்படி மணியை மாட்டிவிட்டுத் தூங்குகிறார். சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோவின் 'டிலே' கட்டளை முதலாமவர்: சிப் விழித்தபடி நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டாமவரின் மணிக்குப் பெயர் 'இன்டரப்ட்'. பிரதான கடிகாரம் நின்றுவிடும். கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற 32,768 ஹெர்ட்ஸ் படிகம் மட்டும் துடிக்கும். நேரம் வந்ததும் எழுப்பும். ஆர்டுயினோ பலகைகளில் இருக்கும் அட்மெகா328பி சிப்புக்கு 1.8 வோல்ட், 1 மெகாஹெர்ட்ஸில் விழித்திருக்க 0.2 மில்லியாம்பியர் வேண்டும். இந்தத் தூக்கத்தில் 0.75 மைக்ரோஆம்பியர் போதும்.

தூக்கத்திலும் தரம் உண்டு. லேசான தூக்கத்தில் ஆர்டுயினோவின் டைமர் ஏறக்குறைய மில்லிநொடிக்கு ஒருமுறை கொசு மாதிரி கடித்து எழுப்பும். சின்னச் சிப்புகளுக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானில் ஆழ்ந்த தூக்கம் கலைந்தால் நிரல் முதலிலிருந்து தொடங்கும். வீட்டாரை எல்லாம் எழுப்பி, காபி குடித்த பிறகே இந்த விவசாயி மோட்டாருக்குப் போவார்.

சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. விழிப்புக்கு 5 மில்லியாம்பியர், தூக்கத்துக்கு 1 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 'டிலே' போட்ட சி நிரல் 44 மணி நேரத்தில் பேட்டரியைக் காலிசெய்யும். நிமிடத்துக்கு ஒரு நொடி விழிக்கும் பைத்தான் மூன்றரை மாதம் ஓடும். 10 மில்லிநொடி மட்டும் விழிக்கும் சி நிரலுக்குக் கணக்குப்படி 13 ஆண்டுக்கு மேல். அதற்குள் பேட்டரியே மூப்படைந்துவிடும்.

வரலாறு இதில் கொஞ்சம்தான் உதவும். டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் சி-யை உருவாக்கிய 1972 வாக்கில் அவருடைய கணினியின் நினைவகமே கிலோபைட் கணக்கில்தான் இருந்தது. டேமியன் ஜார்ஜ் 2013இல் கொண்டுவந்த மைக்ரோபைத்தானுக்கு 16 கிலோபைட் ரேமாவது வேண்டும். அட்மெகா328பியில் இருப்பது 2. அந்தச் சிப்பை எடுத்தால் மொழி விவாதத்துக்கே இடமில்லை.

ஆகவே எந்தக் கருவித்தொகுப்பையும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்புமா, இன்டரப்டால் எழுப்புமா, எழுந்ததும் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கும்? பல ஆண்டு வயலில் கிடக்க வேண்டும் என்றால் சி எழுதுங்கள். ஒரு பருவத்துக்கான சோதனை என்றால் பைத்தானே போதும். எதில் எழுதினாலும் மல்டிமீட்டரை வைத்துத் தூக்க மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். பலகையில் கரண்ட் இருப்பதைக் காட்ட எரியும் சின்ன எல்இடி விளக்கு உங்கள் நிரலைவிட அதிகம் தின்றுகொண்டிருக்கலாம். அதை எந்த மொழியாலும் அணைக்க முடியாது, கழற்றத்தான் வேண்டும்.