தாலி நோயைத் தடுக்குமா?

"எய்ட்ஸா? தப்பு வழியில் போகிறவர்களுக்குத்தான் அது வரும். எனக்கு ஏன் வரப்போகிறது?"

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கேட்டாலும் ஆம்பூரில் கேட்டாலும், பல பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள். இது சரியா? சென்னையில் ஒரு டாக்டர் கணக்கெடுத்துப் பார்த்தார்.

அவர் பெயர் சுனிதி சாலமன். 1986-இல் அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூரில் சோதித்தார்கள். ஆறு பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமியை முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

அதனால்தான் 'அது அவர்கள் நோய்' என்று ஊர் பேசியது.

பிறகு சுனிதி சென்னையில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். அங்கு வந்த, கிருமி உள்ள 134 பெண்களைப் பற்றி அவரும் மற்றவர்களும் 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் யார் தெரியுமா? நூற்றுக்கு 81 பேர் குடும்பத் தலைவிகள்! நூற்றுக்கு 88 பேர், "ஒருவரோடு மட்டும்தான் வாழ்ந்தோம்" என்றார்கள்.

பிறகு எப்படி வந்தது? பெரும்பாலும் கணவரிடமிருந்துதான். அந்தக் கணவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். கிருமி பல வருடம் அடையாளம் காட்டாமல் உடம்பில் இருக்கும். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனை இலவசம். மருந்தும் 2004 முதல் இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கும். நன்றாக அடங்கிவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம் வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே சோதனைக்குப் போகலாம். முடிவை அக்கம்பக்கத்தாரிடம் யாரும் சொல்லக் கூடாது. அதற்கு 2017-இல் சட்டமே வந்திருக்கிறது.