இசைவிடுதியின் கருப்பொருள்: சென்னை விடுதிகளின் காட்சி அடையாளமும் தமிழிலக்கிய இசை மரபும்

முன்னுரை

சென்னைத் தமிழில் ‘ஓட்டல்’ என்னும் சொல் உண்ணும் இடத்தையும் தங்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இவ்விருவகை இடங்களும் இசையோடு நெருங்கிய உறவுடையன. மார்கழி விழாக்காலத்தில் சபாக்களின் சிற்றுண்டிச்சாலைகள் கச்சேரிக்கு இணையாகப் பேசப்படுகின்றன. ‘சங்கீதா’, ‘கீதம்’ முதலிய பெயர்களை உணவகங்கள் தாங்கி நிற்கின்றன. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்தபின், இசையை நகரின் அடையாளமாகக் காட்டும் விழைவு மேலும் வலுப்பெற்றுள்ளது. இசையை மையமாகக் கொண்டு ஒரு விடுதிக்குச் சுவரோவியம், இலச்சினை, அறைப்பெயர் ஆகியவற்றை அமைப்போருக்குத் தமிழிலக்கியம் எத்தகைய அடிப்படையை வழங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

இன்றைய காட்சி மரபு

விடுதி வரவேற்பறைகளில் இசையைக் குறிக்க வழக்கமாக இடம்பெறுவன வீணை, தம்பூரா, மும்மூர்த்திகள் படம் ஆகியனவே. இவற்றுள் மும்மூர்த்திகளின் உருவம் மக்கள் மனத்தில் நிலைபெற்றதில் மயிலாப்பூரில் வாழ்ந்த எஸ். ராஜத்தின் (1919–2010) பங்கு பெரிது. சென்னைக் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்ற அவர் பாடகராகவும் வானொலிக் கலைஞராகவும் விளங்கினார். தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகியோர் இன்று பலரது நினைவில் தோன்றுவது அவர் தீட்டிய வடிவிலேயே ஆகும். இசையறிந்த ஓவியர் ஒருவரின் தூரிகை ஒரு மரபுக்கே முகம் தந்தது என்பதற்கு இது சான்று.

எனினும், ஒரு மரபின் முகம் தமிழிசை முழுமைக்குமான முகமாகிவிடின் பிற மரபுகள் மறைகின்றன. சீர்காழி மூவரான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர்க்கு இத்தகைய பரவலான உருவம் வாய்க்கவில்லை. பறை, துடி முதலிய தோற்கருவிகள் விடுதிச் சுவர்களில் அரிதாகவே காணப்படுகின்றன. எக்கருவியைச் சுவரில் தீட்டுவது என்னும் தெரிவு, எவருடைய இசையை இசையெனக் கொள்வது என்னும் தெரிவும் ஆகும்.

கருப்பொருள் என்னும் சொல்

ஒரு விடுதியின் மையக்கருத்தை வடிவமைப்பாளர் இன்று ‘கருப்பொருள்’ என்றே வழங்குகின்றனர். தொல்காப்பியத்தில் இச்சொல் ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழின் பகுதி முதலியவற்றைக் குறிக்கும். அங்கே பறையும் யாழும் உணவோடும் மரத்தோடும் ஒரே நிரலில் வைத்து எண்ணப்படுகின்றன. இசை தனித்து நிற்கும் அலங்காரமன்று. நிலத்தினின்றும் பொழுதினின்றும் பிரியாதது என்பதே அதன் உட்கிடை.

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் இதனை விரித்துரைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணையும் மணமுழவும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும் நாவாய்ப்பம்பையும், பாலைக்குத் துடி என அந்நூல் பறைகளை வகுக்கிறது. சிறுபொழுதுகளையும் இதனோடு இணைத்தால் விடுதியின் ஒரு நாளுக்கு உரிய ஒழுங்கு கிடைக்கிறது. காலையுணவுக் கூடத்துக்கு வைகறைக்கு உரிய மருதமும், மாலையில் விருந்தினர் கூடும் முற்றத்துக்கு முல்லையும், உறங்கும் அறைகளுக்கு யாமத்துக்கு உரிய குறிஞ்சியும், பிரிவைச் சுட்டும் பாலை விடைபெறும் வாயிலுக்கும் பொருந்தும்.

இடத்தின் நினைவை விடுதியின் அடையாளமாக்கும் முறை சென்னைக்குப் புதிதன்று. ஜெமினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் 2002இல் திறக்கப்பெற்ற ‘தி பார்க்’ விடுதி, பழைய திரைப்படச் சுவரொட்டிகளைத் தன் உள்ளலங்காரத்தில் பயன்படுத்தியது. அந்நிலத்தின் நினைவு திரைப்படம். மயிலாப்பூர், அடையாறு ஆகியவற்றின் நிலமோ கடற்கரை சார்ந்தது. எனவே இங்கு அமையும் இசைவிடுதிக்கு நெய்தலே முதல் திணையாகத் தோன்றலாம்.

பிழைபடும் இடங்கள்

இங்கு மூன்று எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, கருவி பற்றியது. மருதயாழ், முல்லையாழ் என்னும் தொடர்களில் ‘யாழ்’ என்பது பண்ணைக் குறிக்கும். இதனை அறியாத ஓவியர் ஐந்து திணைக்கும் ஐந்து வடிவான கருவிகளைக் கற்பனை செய்துவிடக்கூடும். கருவியாகிய யாழைத் தீட்ட வேண்டின் பொருநராற்றுப்படையின் உறுப்பு வருணனை துணைபுரியும். மானின் குளம்பு பதிந்த தடம்போல் பகுத்த பத்தரில் தொடங்கி, போர்வை, கோடு, நரம்பு என அது ஒவ்வோர் உறுப்பையும் உவமையால் காட்டுகிறது. 1947இல் வெளியான விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ இவ்வுறுப்புகளை ஆய்ந்து வடிவங்களை மீட்டுருவாக்கியது.

இரண்டாவது, காலம் பற்றியது. மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்ட இன்றைய வீணை, 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்தில் உருப்பெற்றது என்பர். சங்ககாலக் காட்சியில் பாணர் கையில் அதனைத் தருவது கால வழுவாகும்.

மூன்றாவதே முதன்மையானது. அது பொருள் பற்றியது. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் மணமுழவும் மற்றொரு வீட்டில் சாப்பறையும் ஒரே வேளையில் ஒலிப்பதைக் காட்டுகிறார். அச்சாப்பறையின் பெயர் நெய்தல். நெய்தலுக்கு உரிய விளரியும் இரங்கற்பண்ணே. கடற்கரை விடுதியின் விருந்துக்கூடத்துக்கு ‘நெய்தல்’ எனப் பெயரிட்டு அதன் சுவரில் ஒரு பறையைத் தீட்டினால், தமிழறிந்தார்க்கு அது இழவு வீட்டை நினைவூட்டும். இதற்காக நெய்தலை விலக்க வேண்டியதில்லை. மீன் கொள்ளும் தொழிலின் மீன்கோட்பறையையும் கலம் செலுத்தும் தொழிலின் நாவாய்ப்பம்பையையும் தேர்ந்தால், நிலமும் மங்கலமும் ஒருங்கே அமையும். பெயர்ப்பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வது போதாது என்பதையும், பாடலையும் உரையையும் கற்றவர் வடிவமைப்புக் குழுவில் இருக்க வேண்டும் என்பதையும் இச்சான்று உணர்த்துகிறது.

விருந்தும் பாணரும்

தமிழிலக்கியத்தில் இசையும் விருந்தோம்பலும் சந்திக்கும் இடம் ஆற்றுப்படை. அங்கே இசைவாணரே விருந்தினர். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநர்க்கு உணவும் உடையும் பரிசிலும் அளித்து, விடைகொடுக்கும்போது ஏழடி பின்சென்று வழியனுப்புகிறான். கருவி தீட்டிய சுவரும் கலைஞர் இல்லாத முற்றமும் கொண்ட விடுதி இம்மரபின் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சுவரில் துடி இருப்பின், அதனை முழக்கும் கலைஞர்க்கு ஆண்டில் சில நாளேனும் மேடையும் ஊதியமும் உணவும் அங்கு இருத்தல் வேண்டும். இல்லையேல், வாழும் மரபொன்று அலங்காரப் பொருளாகச் சுருங்கும்.

முடிவுரை

இசைவிடுதியின் காட்சி அடையாளத்தை வீணைக்கும் மும்மூர்த்திகளுக்கும் அப்பால் விரிக்கத் தொல்காப்பியக் கருப்பொருள் கோட்பாடு ஒழுங்கான சட்டகத்தைத் தருகிறது. அச்சட்டகம் பறையையும் யாழையும் இணையாக மதிக்கிறது. இசையை நிலத்தோடும் பொழுதோடும் பிணைக்கிறது. அதனைப் பொருளறியாது கையாண்டால் மங்கல இடத்தில் சாப்பறை ஒலிக்கும். தமிழ்த்துறைகள் கருவி வடிவம், பறைப்பெயர், பண், பொழுது ஆகியவற்றை உரைச்சான்றோடு தொகுத்து, ஓவியரும் வடிவமைப்பாளரும் எளிதில் பயன்படுத்தும் கையேடாக வெளியிடுவது இன்றைய தேவை. இசைவாணர்க்குச் சோறிட்ட மரபை நன்கறிந்தோர் செய்ய வேண்டிய பணி இது.