மூன்றாவது துள்ளல்

ரன்வேயில் வரிசையாக விழுந்திருந்த வெட்டுத் தழும்புகளை டேப் பிடித்து அளந்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 60 சென்டிமீட்டர். செஸ்னா 172-இன் ப்ரொப்பெல்லருக்கு இரண்டு பிளேடு. என்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடியது என்று வைத்துக்கொண்டால் தரையில் 2,000 வெட்டு விழும். பெருக்கினால் மணிக்கு 72 கிலோமீட்டர். மூக்கு தரையில் குத்தியபோது விமானம் ஏறக்குறைய அந்த வேகத்தில் போயிருக்கிறது.

நான் விமானப் பராமரிப்பு என்ஜினியர். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் ஹேங்கருக்கு இழுத்து வரும் உடைசலைப் பார்த்தால் எப்படி இறங்கியது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். பிளேடு முனை பின்பக்கம் மடங்கியிருந்தால் பெரும்பாலும் த்ராட்டில் மூடியிருந்திருக்கும். முழு வேகத்தில் சுற்றும்போது இடித்தால் முனை முன்பக்கமாகச் சுருளும். இதில் இரண்டும் பின்பக்கம்தான் மடங்கியிருந்தன. அதாவது, விமானத்தை ஓட்டிவந்த பயிற்சிப் பையன் கடைசிவரை த்ராட்டிலைத் தொடவே இல்லை.

அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. “தரை திடீர்னு மேல வந்துடுச்சு சார்” என்றான். “தரை அங்கேயேதான் இருந்துச்சு தம்பி, முதல்ல தண்ணியைக் குடி” என்றேன்.

நடந்தது இதுதான். இந்த விமானம் இறங்க வரும்போது 65 நாட் வேகம் போதும், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அவன் 75 நாட்டில் வந்திருக்கிறான். பத்துதானே கூடுதல் என்று தோன்றும். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அந்தப் பத்து நாட் மூன்றில் ஒரு பங்கு அதிகத் தூக்கலைக் கொடுத்துவிடுகிறது. தரைக்கு மிக அருகில் இறக்கை இன்னும் சுலபமாக மிதக்கும். போதாக்குறைக்கு அது சோலோ. பக்கத்து சீட்டில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாததால் ஓர் ஆள் எடை குறைவு. விமானம் இறங்க மனமில்லாமல் ரன்வே மேலேயே மிதந்துகொண்டு போகிறது, ரன்வேயோ தீர்ந்துகொண்டே வருகிறது. அப்போது கை தானாகக் கன்ட்ரோலை முன்னால் தள்ளும், “இறங்கித் தொலை” என்கிற மாதிரி.

அங்கேதான் வினை. பின்சக்கரங்களின் கால்கள் வில்போல வளையும் எஃகு. எவ்வளவோ அடி தாங்கும். முன்சக்கரத்தின் காலோ எண்ணெயும் காற்றும் அடைத்த ஒரு குழாய், என்ஜினுக்குப் பின்னாலிருக்கும் ஃபயர்வால் தகட்டோடு இணைத்தது. தரையில் ஓடும்போது திருப்புவதற்கும் மூக்கின் பாரத்தைச் சுமப்பதற்கும் உள்ள சக்கரம் அது, இறங்கும் அடியை முதலில் வாங்குவதற்கு வைத்ததல்ல. அது முதலில் பட்டால் மூக்கு மேலே எகிறும். எகிறினால் இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும், விமானம் எழும்பும். பையன் பயந்து மூக்கைத் தள்ளுவான். அவன் தள்ளியது வேலைசெய்வதற்குள் விமானமே கீழே வரத் தொடங்கியிருக்கும். ஊஞ்சலை நிறுத்தப் போன கை தப்பான நேரத்தில் பட்டு இன்னும் வேகமாக ஆட்டிவிடுவதுபோல, ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிட உயரம். மூன்றாவதில் முன்சக்கரம் மடிந்தது.

முதல் துள்ளலில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்போதே த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, 30 டிகிரியில் இறங்கியிருக்கும் இறக்கை ஃப்ளாப்பை 20-க்கு ஏற்றி, இன்னொரு சுற்றுப் போயிருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது. இதைத்தான் ‘கோ அரவுண்ட்’ என்று எல்லோருக்கும் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். கைக்குப் பழக்குவதுதான் குறைவு. நன்றாக இறங்கினால் பாராட்டுகிறோம், இறங்காமல் திரும்பிப் போனவனை யார் தட்டிக்கொடுக்கிறோம்?

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. புதியவர்கள் மூக்குக்கு நேர் கீழே பார்ப்பார்கள். தரை கோடுகோடாக ஓடும், உயரம் பிடிபடாது. ரன்வேயின் கடைசியைப் பார்க்க வேண்டும். உட்காரும் உயரம்கூட இதை மாற்றிவிடும். யூரி ககாரின் ஓரன்பர்க் விமானப் பள்ளியில் படித்தபோது தரையிறக்கம் சரியாக வராமல், வெளியே அனுப்பிவிடலாமா என்ற பேச்சுவரை வந்தது. உயரம் 157 சென்டிமீட்டர்தான். சீட்டில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார வைத்தார்கள், விமானம் ஒழுங்காக இறங்கியது. 1961-இல் அவர் எங்கே போனார் என்பது உலகத்துக்கே தெரியும்.

எங்கள் விமானத்துக்கு வருவோம். ஃபயர்வால் கசங்கிவிட்டது. வெளியே பார்க்க என்ஜின் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் கழற்றினோம். சுற்றும் ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால் அந்த அதிர்ச்சி நேரே கிராங்க்ஷாஃப்டுக்குப் போகும். அதன் பின்முனையில் இருக்கும் கியரையும் போல்ட்டையும் சோதிக்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. புது ப்ரொப்பெல்லரை மாட்டி அனுப்பு என்று அவசரப்படுத்துபவர்களோடு இந்த விஷயத்தில் நான் சமரசம் செய்வதில்லை.

பையனை மறுபடி பறக்க அனுமதித்தபோது இன்ஸ்ட்ரக்டர் கூடவே ஏறினார். “இன்னிக்கு நான் சொல்ற வரைக்கும் சக்கரம் தரையில படவே கூடாது” என்றார். ரன்வேக்குச் சில அடி உயரம்வரை வருவது, மூக்கைத் தூக்குவது, த்ராட்டிலைத் தள்ளி மேலே போவது. பெட்ரோல் வீண் என்று கணக்குப் பார்க்கிறவர் முணுமுணுத்தார். அவரை ஹேங்கருக்குக் கூட்டிப்போய், கழற்றி வைத்திருந்த என்ஜினைக் காட்டினேன்.