கார் பளபள... ஆறு நுரைநுரை! வீட்டில் கார் கழுவ எந்த சோப்பு நல்லது?

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. மேற்கு மாம்பலம், அண்ணாநகர், பெரம்பூர்... எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான்!

வாசலில் கார். ஒரு கையில் ரப்பர் குழாய். துணி துவைக்கும் சோப்புத்தூளை ஒரு பிடி அள்ளி வாளியில் போட்டு, நுரை பொங்கப் பொங்க ஒருவர் தேய்த்துக் கொண்டிருப்பார்.

உள்ளே இருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்கும்.

"ஏங்க, சம்புல தண்ணி அடியில கெடக்குது. நீங்க பாட்டுக்கு குழாயைத் தொறந்து விட்டுட்டு நிக்கிறீங்களே!"

"இதோ முடிஞ்சுதும்மா. ரெண்டே நிமிஷம்!"

இரண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஆகும். நுரை தெருவில் இறங்கி ஓடும். மழைநீர்க் கால்வாய் மூடியின் ஓட்டையில் போய் விழும். கார் பளபளக்கும். அவர் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

நுரையின் கதை அதோடு முடிந்ததா? இல்லை. அங்கேதான் ஆரம்பம்!

நுரை எங்கே போகிறது?

பாதாள சாக்கடை இணைப்பு உள்ள வீட்டில் குளியலறைத் தண்ணீர் வேறு வழி, தெருத் தண்ணீர் வேறு வழி. குளியலறைத் தண்ணீர் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது.

தெருவில் ஓடும் தண்ணீருக்கு அந்த வைத்தியம் கிடையாது. மழைநீர்க் கால்வாயில் விழுந்தால் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் நேராகக் கடல்!

அந்தத் தண்ணீரில் சோப்பு மட்டுமா இருக்கிறது? என்ஜினில் சொட்டிய எண்ணெய், பிரேக் கட்டை தேய்ந்த தூள், சாலைத் தார் எல்லாம் சேர்ந்தே போகிறது. சோப்பில் நுரை தரும் ரசாயனம் மீனின் செவுளைப் பாதிக்கும். பாஸ்பேட் கலந்த சோப்பு என்றால் பாசிக்கு உரம் போட்ட மாதிரி. பாசி பெருகி, செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறையும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

2019 டிசம்பர் தொடக்கத்தில் மெரினா கடற்கரையில் பனிக்கட்டி கொட்டியதுபோல் வெள்ளை நுரை ஒதுங்கியது நினைவிருக்கலாம். குழந்தைகள் அதில் குதித்து விளையாடினார்கள். மழைத் தண்ணீரோடு கடலுக்குப் போன கழிவுநீரும் அதில் இருந்த சோப்பும்தான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

கார் கழுவிய நுரை மட்டுமே அதைச் செய்துவிடவில்லை. ஆனால் அதுவும் போய்ச் சேரும் இடம் அதே கடல்தான்!

சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம்

துணி சோப்புத்தூளில் காரம் அதிகம். கார் பெயிண்டின் மேல் உள்ள மெழுகுப் பூச்சை அது அரித்துவிடும். கரையாத துகள் துணியில் ஒட்டிக்கொண்டு கோடு கோடாகக் கீறும். பாத்திரம் தேய்க்கும் திரவமும் அப்படியே. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே தயாரானது அது. மெழுகை மட்டும் விட்டு வைக்குமா?

கார் ஷாம்பூதான் பொருத்தம். வாங்கும்போது டப்பாவில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பி.எச். அளவு 7-ஐ ஒட்டி இருக்கிறதா? அதாவது அமிலமும் இல்லை, காரமும் இல்லை.

இரண்டு, பாஸ்பேட் இல்லாததா?

மூன்று, மண்ணில் மக்கக்கூடியதா? 'பயோ டிகிரேடபிள்' என்று போட்டிருப்பார்கள்.

பச்சை டப்பாவும், இலைப் படமும், 'இயற்கை' என்ற எழுத்தும் சாட்சி ஆகாது! மத்திய அரசு 1991-ல் 'ஈகோமார்க்' என்ற முத்திரைத் திட்டம் கொண்டு வந்தது. மண்பானைதான் அதன் சின்னம். சோப்பு வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பானை கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம்.

மக்கும் என்றால் உடனே மாயமாகிவிடும் என்று அர்த்தம் அல்ல. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டுத் தீர்க்க நாள் கணக்கில் ஆகும். கால்வாயில் விழுந்த நுரைக்கு அந்த அவகாசம் எங்கே?

பூந்திக்கொட்டை நல்லதா?

"அந்தக் காலத்துல பட்டுப் புடவை, தங்க நகை எல்லாம் பூந்திக்கொட்டையிலதான் கழுவுவோம். காருக்கு ஆகாதா?" என்று கேட்கும் பாட்டிகள் உண்டு.

ஆகும். கொட்டையை நீக்கி, தோலை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் தூசியை எடுக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! பூந்திக்கொட்டையில் நுரை தருவது 'சபோனின்' என்ற சத்து. மீனுக்கு அது விஷம். குட்டையில் அதைக் கரைத்து மீன் பிடிக்கும் வழக்கமே சில இடங்களில் இருந்திருக்கிறது.

ஆகவே காட்டுக் காயோ, கடைச் சரக்கோ, எந்த சோப்பு என்பது பாதிக் கேள்விதான். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது மீதிக் கேள்வி!

இரண்டு குடம் போதும்

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டன. ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் தண்ணீரின் அருமை!

பெங்களூரில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

உங்கள் வீட்டுக் குழாயின் கீழ் 15 லிட்டர் குடத்தை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால், 20 நிமிஷத்தில் 300 லிட்டர் போகிறது. அதாவது 20 குடம்! இதே வேலைக்கு இரண்டு குடம் தாராளம்.

முறை வருமாறு:-

காரை நிழலில் நிறுத்துங்கள். சூடான தகட்டில் சோப்பு காய்ந்து திட்டாகப் படியும். காய்ந்த தூசியை அப்படியே துடைக்காதீர்கள். மணல் கீறிவிடும். முதலில் மக்கால் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள்.

இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பூ, அதுவும் டப்பாவில் சொன்ன அளவு மட்டும். இன்னொன்றில் வெறும் தண்ணீர், துணியை அலச. கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். சக்கரம் கடைசி.

போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். ஏ.சி. எந்திரத்தில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கடைசித் துடைப்புக்கு அருமை. அதில் உப்பு மிகவும் குறைவு.

வீட்டில் மண் தரை இருந்தால் கிணற்றுக்குத் தள்ளி அங்கே கழுவலாம். மண்ணே வடிகட்டி! எல்லாம் சிமெண்டு தரை என்றால் சோப்பை மறந்துவிட்டு ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள். வாளியில் மிஞ்சும் அழுக்குத் தண்ணீரைத் தெருவில் கொட்டாமல் கழிவறையில் ஊற்றுங்கள். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகட்டும்.

எண்ணெய் ஒழுகும் வண்டி என்றால் வீட்டில் கைவைக்கவே கூடாது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள சர்வீஸ் நிலையம்தான் அதற்கு இடம்.

அடுப்படி மருந்து

காக்கை எச்சம் பட்டால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

தார்ப் பொட்டுக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். கண்ணாடிக்கு ஒரு மக் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர்.

சமையல் சோடாவும் சாம்பலும் பெயிண்டில் படக்கூடாது. கீறும். டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது பழைய டிரைவர் பழக்கம். அன்றைக்கு மினுமினுக்கும், மறுநாள் ஊர்த் தூசி எல்லாம் ஒட்டும். ரப்பரும் ஊதிக் கெட்டுப் போகும்.

கண்ணாடி துடைக்கப் புதுத் துணி தேடி அலைய வேண்டாம். பழைய பத்திரிகைத் தாள் போதும். இன்று மாலை படித்து முடித்த இந்தப் பக்கத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயை மூடிவிட்டு, இரண்டு குடத்தோடு வாசலுக்கு வாருங்கள். வீட்டுக்கார அம்மாவே காப்பி கொண்டு வந்து கொடுத்தாலும் ஆச்சரியம் இல்லை!